பூ எல்லாம் கொட்டிடுது, ஒரு காய் கூட நிக்கல. ஒரே ஒரு செடி இருக்கறதாலயா?

இதான் உங்க கேள்வி, என்ன செடின்னு நீங்க சொல்லல. ஆனா "எல்லாரும் உரம் போடு உரம் போடுன்னே சொல்றாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்துடுச்சு.

என்னுது டிராகன் ஃப்ரூட், உள்ள சிவப்பா இருக்கற வகை. மொதல்ல ஒத்த செடி, பூத்துச்சு, கொட்டிடுச்சு. துணைக்கு இன்னும் செடி வேணும்னு யாரோ சொன்னாங்க, நானும் அதே செடிலருந்து தண்டு வெட்டி நாலு தொட்டில நட்டு, ரெண்டு வருஷம் பொறுத்து, ஒரு ராத்திரி மொத்தமா ஏழு பூ விரிஞ்சுது. ஒவ்வொண்ணும் ரெண்டு கை சேத்து விரிச்சா எவ்ளோ இருக்குமோ அவ்ளோ பெருசு. ஒரே வாரம். பூ வாடினதுக்கு அப்பறம் அடில நிக்குமே பச்சையா ஒரு உருண்டை, அது மஞ்சளாகி, கை பட்டாலே கழண்டு வந்துச்சு. ஏழும் போச்சு. வீட்ல "உனக்கு கை ராசி இல்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க.

கை ராசியும் இல்ல, உரமும் இல்லங்க. வெட்டி வெச்ச தண்டு எத்தன தொட்டில இருந்தாலும் அது தாய்ச்செடியேதான். அஞ்சு செடின்னு நான் நெனச்சது மொத்தத்துல ஒரு செடி. நெறைய செடிங்களுக்கு தன்னோட மகரந்தத்த அடையாளம் கண்டுபிடிக்கற மரபணு இருக்கு, மகரந்தம் சூல்முடில, அதாவது பூவோட நடுவுல மகரந்தத்த வாங்கிக்கற நுனில, விழுந்தாலும் "இது நம்மளுதாச்சே"ன்னு தெரிஞ்சா உள்ள விடாது. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துல வாசல்லயே தடுத்துடும், ஆப்பிள்ல மகரந்தத்துலருந்து முளைச்சு சூல நோக்கிப் போற குழாய் பாதி வழி வளந்து அப்படியே நின்னுடும். தன் மகரந்தம் சேந்தா என்ன ஆகும், வேற செடியோடது சேந்தா என்ன ஆகும்னு டார்வின் 1876ல ஒரு முழு புத்தகமே போட்டாரு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. தன் மகரந்தத்த ஏத்துக்கறது வேற, அது தானா போய்ச் சேர்றது வேற. பட்டாணி ரெண்டையும் செய்யும், பூ விரியறதுக்கு முன்னாடியே உள்ள வேலை முடிஞ்சுடும், பட்டாணிய வெச்சு மரபியல் ஆராய்ச்சி பண்ணின மெண்டலுக்கு அது அவ்ளோ வசதியா இருந்ததுக்கு ஒரு காரணம் அதான். தக்காளி ஏத்துக்கும், ஆனா காத்தோ வண்டோ வந்து உலுக்கணும், காத்தே வராத ரூம்ல வெச்சா பூ கொட்டிட்டே இருக்கும். அந்த மாதிரி கேஸ்ல ரெண்டாவது செடி வாங்கியும் பிரயோஜனம் இல்ல, காம்ப லேசா சுண்டி விட்டாலே போதும்.

பாட்டனி படிச்சவங்க கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. வெள்ளை சதை வகைல நெறைய தனியாவே காய்க்கும், சிவப்புலயும் அப்படிப்பட்ட வகைங்க இருக்கு, எனக்கும் தெரியும். நான் சொல்றது என் செடிய.

அப்பறம் ஒரு வெள்ளை வகை தண்டு வாங்கி நட்டேன். அதுவும் இதுவும் ஒரே ராத்திரில பூக்கணும், பூவுக்கு ஆயுசே அந்த ஒரு ராத்திரிதான். பூத்துச்சு, ஆனா எங்க அபார்ட்மெண்ட் செகரெட்டரி ஒம்போது மணிக்கு மொட்டை மாடிய பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போயிடுவாரு. செடி வெக்க பர்மிஷன் குடுத்தவரே அவருதான்! விடியக்காலைல போயிருக்கலாமேன்னு கேப்பீங்க, அவரு திறக்கறதே ஏழு மணிக்கு மேல, வெயில் வந்துட்டா பூ சுருங்க ஆரம்பிச்சுடும். லெட்டர் எழுதினேன், மீட்டிங்ல கேட்டேன், "ரூல்ஸ்"ங்கறாரு. தண்ணி டேங்க் வழிஞ்சா மட்டும் நடுராத்திரில சாவி எங்கேருந்தோ வரும். அடுத்த தடவ எட்டரைக்கே ஏறி, முழுசா விரியாத பூவ விரலால பிரிச்சு, வெள்ளை வகையோட மகரந்தப் பொடிய பிரஷ்ல எடுத்து, சிவப்போட சூல்முடில, அது விரல் விரலா நீட்டிட்டு இருக்கும், அதுல அப்பிட்டு ஓடி வந்தேன். மூணு பூல ரெண்டு நின்னுச்சு.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒரு பூவுக்கு அதே செடியோட மகரந்தம், இன்னொரு பூவுக்கு வேற வகையோடது, ரெண்டுக்கும் வேற வேற கலர் நூல் கட்டி வைங்க. மொதலாவதும் நின்னுச்சுன்னா செடில தடை இல்ல, பொடி போய்ச் சேரலன்னு அர்த்தம். ரெண்டாவது மட்டும் நின்னுச்சுன்னா ஜோடி தேடுங்க, தயவுசெஞ்சு அதே செடிலருந்து வெட்டாம.

மொதல் பழத்துல பாதிய செகரெட்டரி வீட்டுக்கும் குடுத்து அனுப்பினேன். நல்லா இருந்துச்சுன்னாரு. சாவி இன்னும் வரல.