இரண்டு விரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மின்னஞ்சலுக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா இல்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் கடைசி இரண்டு இயல்கள்தான் பாக்கி. அதை அப்படியே போட்டுவிட்டு அவருடன் இருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே எடுத்த முடிவு. அப்புறம் ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது என்று புரியவில்லை. இரவு அவர் தூங்கியதும் மடிக்கணினியைத் திறப்பேன். ஒரு பத்தி முடிவதற்குள் கண் சொருகிவிடும். ஒழுங்காக இருந்திருந்தால் தினமும் ஒரு மணி நேரமாவது எழுதியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொள்வேன். போன வாரம் அப்பாவிடம் கத்திவிட்டேன். பயிற்சியின்போது அவர் சோர்ந்துபோனால், ‘இன்னைக்கு ரெண்டு விரல் அசைஞ்சுதுல்ல, போதும்பா’ என்று தேற்றுகிறவளும் நான்தான். இப்போது இடது கையால் கையெழுத்துப் போடப் பழகுகிறார். உன்மேல் கொஞ்சம் கருணை வை என்கிறாள் என் தோழி. சோம்பேறித்தனத்துக்கு அது இன்னொரு பெயர்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மன்னிப்பெல்லாம் எதற்கு? நான் அனுப்பியது ஒரு கட்டுரையை நினைவூட்டும் கடிதம். அந்தக் கட்டுரை வராததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நீங்கள் எழுதியதில் அந்த ‘போதும்பா’வைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவின் கையை எதனோடு ஒப்பிட்டு இரண்டு விரல் போதும் என்கிறீர்கள்? பக்கவாதத்துக்கு முந்தைய கையோடு ஒப்பிட்டிருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், பயிற்சி தருகிறவரும் அப்படித்தான் எண்ணுவார். உங்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு அவர் விழுவதற்கு முந்தைய நாட்களிலிருந்து தொடங்குகிறது. இரவில் தடையில்லாமல் தூங்கி, காலையில் தன் வேலையை மட்டும் நினைத்து எழுந்த ஒருத்தியின் ஒரு மணி நேரத்தை, பகல் முழுக்க இன்னொரு உடம்பைத் தாங்கிவிட்டு வருகிறவளிடம் கேட்கிறீர்கள். எதற்கு முதலிடம் என்பதை மாற்றிவிட்டீர்கள், மதிப்பெண் போடும் முறையை மாற்றவில்லை. தோழி சொல்லும் கருணை என்பது என் பார்வையில் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதுதான்.

நானே எடுத்த முடிவுதானே, ஏன் எரிச்சல் என்கிறீர்கள். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கை மாற்றங்கள் 43ஐ வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். ஒருவருக்கு நேர்ந்தவற்றின் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பது அவர்கள் முறை. துணையின் மரணத்துக்கு 100, வேலை பறிபோவதற்கு 47. திருமணத்துக்கு 50! தனிப்பட்ட பெரிய சாதனைக்குக்கூட 28 உண்டு. எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு. எனக்கும் அந்தக் கூட்டல் கணக்கில் நம்பிக்கையில்லை. ஆனால் அதன் அடிப்படையை ஏற்கிறேன்: நாமே விரும்பி ஏற்ற மாற்றமானாலும் அதற்குப் பழகிக்கொள்ள உடம்பும் மனமும் உழைத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலை, வேலை நிலைமை, வருமானம், தூக்கம் எல்லாம் தனித்தனி வரிகள். உங்களுக்கு அத்தனையும் சேர்ந்து வந்திருக்கின்றன. போதாததற்கு, ஆய்வேட்டை விட்டு வந்த துக்கம். சரியான முடிவுக்கும் இழப்பு உண்டு. அதற்காக வருந்தினால் அப்பாவின்மேல் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமாகாது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு விழித்திரை விலகி அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பி, நாள் முழுக்க முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்கச் சொன்னார்கள். படிப்பதும் எழுதுவதும்தான் என் வேலை. முதல் வாரமே, இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று குப்புறப் படுத்தபடி கைப்பேசியில் எதையோ திருத்த முயன்று, தலைவலியால் வாந்தியெடுத்தேன். அப்புறமும் என்னைத்தான் திட்டிக்கொண்டேன், பத்துப் பக்கம்கூடத் திருத்த முடியாதவன் என்ன எழுத்தாளன் என்று. இன்னொருவரிடம் அப்படிப் பேசியிருந்தால் அவர் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். அந்தத் திட்டலால் ஒரு பக்கமும் கூடுதலாகத் திருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

சோம்பேறித்தனம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. திட்டு வாங்கிய மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார யாருக்குத்தான் மனம் வரும்? இரவில் மடிக்கணினியைத் திறந்ததும் உங்களுக்காக அங்கே காத்திருப்பது ஆறாம் இயலா, அந்தத் திட்டா என்று யோசித்துப் பாருங்கள். மேலும், கண் சொருகுவதற்குக் காரணம் தூக்கம் போதாததுதான். அதை ஒழுங்கோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அப்பாவிடம் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் இன்றே கேளுங்கள், கேட்டுவிட்டு அதோடு விடுங்கள். தன்மேல் கருணை என்பதைத் தவறே நடக்கவில்லை என்று சாதிப்பதாகச் சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காது. நடந்த தவற்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், உங்களுக்கு ஆயுள் தண்டனை கொடுக்காதீர்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், விவாதிக்கத் தெம்பை வீணாக்க வேண்டாம்.

ஒரு காரியம் மட்டும் செய்யலாம். அந்த மடிக்கணினி ஒவ்வொரு இரவும் பாதி திறந்து கிடக்கிறதே, அதுதான் உங்களை அரிக்கிறது. நெறியாளரிடம் நிலைமையைச் சொல்லி, முறையாக விடுப்போ கால நீட்டிப்போ கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகு எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அடுத்து எழுத நினைத்தது என்ன, எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்று ஒரு பக்கம் குறித்துக் கோப்பின் தலையில் வையுங்கள். திரும்பி வருகிறவள் இப்போதைய எஸ் ஆக இருக்க மாட்டாள், அவளுக்குப் புரியும்படி எழுதுங்கள். இதற்கு நல்ல பகல் பொழுதாகப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அப்பாவோடு இருக்க யாரையாவது கேளுங்கள். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், அந்தத் தோழியிடமே தொடங்கலாம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், நான் எதிர்பார்க்கவும் மாட்டேன். அப்பாவின் இடது கைக் கையெழுத்து ஓரளவு பிடிபட்டதும், தோன்றினால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.