கேள்வி - பதில்: ஷெரிடன் மாற்றிய மூன்று உண்மைகள்

அயர்லாந்து இயக்குநர் ஜிம் ஷெரிடன் நாற்பது வயதில்தான் முதல் படம் எடுத்தார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?
- கல்லூரி மாணவர், கும்பகோணம்

நாடகம். 1949-இல் டப்ளினில் பிறந்தவர். 1970-களில் அந்நகரின் புராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டரில் நாடகம் போட்டார். 1980-களின் தொடக்கத்தில் மனைவி, மகள்களோடு நியூயார்க் போய் அங்கே ஐரிஷ் ஆர்ட்ஸ் சென்டரை நடத்தினார். வசதியான வாழ்க்கை அல்ல. 1989-இல் முதல் படம் 'மை லெஃப்ட் ஃபுட்' வந்தது. நாயகனாக நடித்த டேனியல் டே-லூயிஸுக்கும், தாயாக நடித்த பிரெண்டா ஃபிரிக்கருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தின் பெரும்பகுதி ஒரு நெருக்கமான வீட்டுக்குள் நடக்கிறது. நான்கு சுவர், ஒரு மேசை, அதைச் சுற்றி மனிதர்கள் என்றால் ஷெரிடனுக்குப் போதும். மேடை தந்த பழக்கம் அது.

'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தில் தந்தையும் மகனும் ஒரே சிறையறையில் இருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லையாமே! உண்மைக் கதை என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா?
- வழக்கறிஞர், திருநெல்வேலி

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வழக்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 அக்டோபரில் இங்கிலாந்தின் கில்ஃபோர்ட் நகரில் இரண்டு மதுக்கூடங்களில், வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு வைத்த குண்டுகள் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். பெல்ஃபாஸ்ட் இளைஞர் ஜெரி கான்லன் உள்ளிட்ட நால்வர் மீது பழி விழுந்தது. மகனுக்கு உதவி செய்ய லண்டன் வந்த தந்தை ஜியுசெப்பேயையும் பிடித்து, வெடிபொருள் வழக்கில் தண்டித்தார்கள். நோயாளியான அவர் 1980-இல் கைதியாகவே இறந்தார். நால்வரும் 1989-இல் விடுதலையானார்கள். பதினைந்து ஆண்டுகள் போயிருந்தன.

தந்தையும் மகனும் ஒரே அறையில் அடைக்கப்பட்டதே இல்லை. ஷெரிடன்தான் அவர்களை ஒன்றாக உட்கார வைத்தார். முதல் படத்திலும் இதே வேலையைச் செய்திருக்கிறார். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த எழுத்தாளர் கிறிஸ்டி பிரவுன், ஐந்து வயதில் சகோதரியின் சாக்பீஸை இடது காலால் பற்றித் தரையில் எழுதியது 'ஏ' என்ற ஓர் எழுத்தை மட்டுமே. தன் நூலில் அவரே சொல்கிறார். படத்திலோ 'அம்மா' என்ற சொல்லையே எழுதுகிறான் சிறுவன். அதுவரை அவனைக் கணக்கிலேயே கொள்ளாத தந்தை, தோளில் தூக்கிக்கொண்டு மதுக்கூடத்துக்குப் போய், இவன் என் மகன் என்று ஊருக்குச் சொல்கிறார். இருபத்திரண்டு பிள்ளைகளைப் பெற்று, பதின்மூவரை வளர்த்து ஆளாக்கிய தாய் அவனுடையவள். அவளுக்கு அந்தச் சொல் சேர வேண்டியதுதான்.

ஷெரிடன் உண்மையிலிருந்து விலகும்போதெல்லாம் பெற்றோரை நோக்கியே விலகுகிறார். கான்லன் படத்தில் அந்த விலகலை நான் ஏற்கிறேன். என் தந்தை இறந்த மூன்றாம் மாதம், நண்பர் வீட்டில் வீடியோ கேசட்டில் அதைப் பார்த்தேன். தந்தையாக நடித்த பீட் போஸ்ல்த்வெய்ட் மூச்சு வாங்கப் படுத்திருக்கிறார். இத்தனை நாள் தந்தையை எரிச்சலோடு பார்த்த மகன் மெல்ல அவருக்குத் துணையாக மாறுகிறான். அவர் இறந்த இரவில் மற்றக் கைதிகள் காகிதங்களைக் கொளுத்தி ஜன்னல்களின் வழியே கீழே போடுகிறார்கள். இருட்டில் தீத்துண்டுகள் மிதந்து இறங்குகின்றன. அப்பாவிடம் நான் பேசாமல் விட்டவை அத்தனையும் அன்றைக்கு நினைவுக்கு வந்தன. அந்த ஒற்றை அறை இல்லாமல் இது நடந்திருக்காது.

நீதிமன்றக் காட்சியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எம்மா தாம்சன் நடித்த கரெத் பியர்ஸ், கான்லனுக்காக வழக்கு ஆவணங்களைத் தயாரித்த சொலிசிட்டர். மேல்முறையீட்டில் எழுந்து வாதாடியவர் அவர் அல்லர். படத்தில் அவர் முழங்குகிறார், அரங்கம் அதிர்கிறது. அந்தக் காட்சி கைதட்டலைத் தவிர வேறெதையும் கூட்டவில்லை. இட்டுக்கட்டிய வாக்குமூலங்களால் அப்பாவிகள் சிறை சென்ற வழக்கு இது. இதைப் படமாக்குபவர் நீதிமன்றத்துக்குள் கூடுதல் கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். 1994-இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியைப் பெற்ற படம் என்றாலும் என் குறை குறைதான்.

பிற்காலப் படங்கள் சோர்வாக இருக்கின்றனவே?
- வாசகி, ஈரோடு

பல படங்களில் ஆமாம். ஆனால் 'பிரதர்ஸ்' (2009) பாருங்கள். டென்மார்க் படமொன்றின் மறுவாக்கம். போரிலிருந்து திரும்பிய தந்தை சாப்பாட்டு மேசையில் இருக்க, மூத்த மகள் பலூனைக் கிறீச்சிட வைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு வீடு உடைவதற்கு அந்தச் சத்தம் போதுமானதாக இருக்கிறது.

ஷெரிடன் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால்?
- பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

'இன் அமெரிக்கா'. 2002-இல் எடுத்தது. மகள்கள் நவோமி, கிர்ஸ்டன் இருவரோடும் சேர்ந்து திரைக்கதை எழுதினார். மகனை இழந்த ஐரிஷ் தம்பதி, இரண்டு பெண் குழந்தைகளோடு கனடா எல்லை வழியாக நியூயார்க் வந்து பாழடைந்த குடியிருப்பொன்றில் குடியேறுகிறார்கள். இறந்த மகனின் பெயர் ஃபிராங்கி. நிஜத்தில் ஃபிராங்கி, ஷெரிடனின் தம்பி. சிறுவனாகவே மூளைக் கட்டியால் இறந்தவன். படத்தை அவன் நினைவுக்கே அர்ப்பணித்திருக்கிறார். மற்றவர்கள் கதையில் செய்த மாற்றத்தை இங்கே தன் கதையிலேயே செய்தார். தம்பியை மகனாக்கினார், தன் தந்தை சுமந்த துக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டார்.

மகன் போனபின் அந்தத் தகப்பனுக்கு அழுகையே வருவதில்லை. நடிப்புத் தேர்வுகளில் தோற்றுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் இளைய மகள் நிலாவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்க, ஃபிராங்கிக்கு விடை சொல்லச் சொல்கிறாள் மூத்தவள். அவன் சொல்கிறான். அப்போதுதான் கண்ணீர் வருகிறது.