முதியோர் இல்லத்துக்கு அம்மா எழுதிக்கொடுத்த வீடு: திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு, 2019-ல், அரசு மானியத்தில் முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குத் தன் வீட்டைத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டார். "கடைசிவரைக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அப்போதைய நிர்வாகி வாய்வார்த்தையாகச் சொன்னார். இப்போது நிர்வாகம் மாறிவிட்டது. தனி அறையிலிருந்து பொது அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் 8,000 ரூபாய் கேட்கிறார்கள், மூன்று மாதமாக நான் கட்டிவருகிறேன். சாப்பாடும் சரியில்லை, பேச்சிலும் மரியாதை இல்லை. மானியத்தை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டு, பத்திரத்தையும் ரத்து செய்துவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சாப்பாடு, மரியாதை, பழைய நிர்வாகியின் நல்ல குணம் எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். இத்தகைய மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயமான ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் அவை எடுபடாது. கேள்வி ஒன்றுதான்: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் வீடு கைமாறியது என்று காட்ட எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. அது பெற்ற பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சொத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்தைப் பெற்றவர் யார் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அறக்கட்டளையும் அதற்குள் வரும் என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் "தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்" (அதாவது தானம் கொடுக்கவும் விற்கவும் முழு உரிமையோடு) அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருக்கிறது, எக்காரணம் கொண்டும் ரத்து செய்வதில்லை என்றும் இருக்கிறது. பராமரிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை.

2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில், நிபந்தனையைச் சொல்லி நிரூபித்தால்தான் 23-வது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த தாயின் மனுவிலேயே நிபந்தனை பற்றிய பேச்சு இல்லை. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்ற குறை மட்டும் இருந்தது. தோற்றுப்போனார். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழிக் காகிதத்தையும் தானப் பத்திரத்தோடு சேர்த்துப் படித்து, தாய் பக்கம் நின்றது. அதனால் உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள். 2019-ல் அந்த ஓரிரு வாரத்தில் வந்த அனுமதிக் கடிதம், நன்றிக் கடிதம், வீட்டை ஏற்றுக்கொண்ட தீர்மான நகல், எதுவானாலும் சரி. தீர்மானப் புத்தகம் அவர்களிடம் இருந்தால் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட ஆர்.டி.ஓ. தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பெற்ற பிள்ளை என்றால், அன்பின் பேரில் எழுதியதிலேயே நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று வாதாட சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அறக்கட்டளை விஷயத்தில் அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் 2019-ல் போட்ட கையெழுத்தைவிட, பிரச்சினை வந்த பிறகு போடும் கையெழுத்தால்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள். புது நிர்வாகம் ஒரு படிவம் நீட்டும்: "இல்ல விதிகளுக்கு உட்பட்டு, மாதக் கட்டணம் செலுத்தித் தங்கச் சம்மதிக்கிறேன்." கண் சரியாகத் தெரியாத அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். வீட்டுக்கு ஈடாக இலவசப் பராமரிப்பு என்ற உங்கள் வழக்கு அன்றே பாதி செத்துவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். நீங்கள் கட்டிய மூன்று மாதப் பணமும் எதிர்த்தரப்புக்குச் சாட்சிதான். நிறுத்தினால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தால் வங்கி வழியாகக் கட்டுங்கள், கூடவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்."

ரத்துப் பத்திரம் எழுத வேண்டாம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் யாராவது சுலபம் என்று சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தை ஒருதலைப்பட்சமாக ரத்து செய்தால் செல்லாது. அதைத் தாண்டி, அம்மா ஏமாற்றப் பார்க்கிறார் என்று அவர்கள் பேசவும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

மானியப் புகார் இரண்டு பக்கமும் வெட்டும். மத்திய அரசின் மானியத் திட்டத்தில் இயங்கும் இல்லம் ஆதரவற்ற முதியோருக்கு இலவசமாக நடத்தப்பட வேண்டியது. மாதக் கட்டணம் வாங்குவது அவர்களுக்குப் பெரிய சிக்கல். ஆனால் உங்கள் அம்மா பெயர் அந்தப் பயனாளிப் பட்டியலில் இருந்தால், வீடு வைத்திருந்தவர் ஆதரவற்றவர் ஆனது எப்படி என்ற கேள்வியும் எழும். அந்தப் பட்டியலில் சேர்வதற்கான விண்ணப்பத்தில் அம்மாவின் கையெழுத்தும் இருக்கும். மானியம் நின்றால் முதலில் கஷ்டப்படப்போவது அங்கே படுத்திருக்கும் பெரியவர்கள், உங்கள் அம்மா உட்பட. புகாரைக் கையில் வைத்திருங்கள், கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். "மகள் இருந்தும் இவர் ஏன் எங்களிடம் வந்தார்?" என்றுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். அதே சட்டத்தில் பராமரிக்கும் கடமை உங்களுக்கும் இருக்கிறது. வீடு பின்னால் உங்களுக்கு வர வேண்டும் என்ற எண்ணம் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. 23-வது பிரிவு வாரிசுகளுக்காக வந்தது இல்லை. மனு அம்மாவின் பெயரில், அம்மாவின் வாயால் வர வேண்டும்.

நேராகச் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். வேறு காகிதம் எதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் வழக்கு பலவீனமானது. மானியம் பெறும் அவர்களுக்கும் தீர்ப்பாயத்தில் பெயர் அடிபடுவது பிடிக்காது. ஆயுள் முழுக்கக் கட்டணமின்றித் தனி அறை, மருத்துவச் செலவு, இல்லம் மூடினால் அம்மாவுக்கு அந்த வீட்டில் ஆயுட்கால வாழ்வுரிமை என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக எதையும் ஏற்க வேண்டாம். வாழ்வுரிமையைப் பதிவு செய்யுங்கள், மற்றதை சமரச அலுவலர் முன் எழுதி தீர்ப்பாய உத்தரவாக வாங்குங்கள். அதற்கு முன் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, வீடு இன்னும் அறக்கட்டளை பெயரிலேயே, அடமானம் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் சமரசத்துக்குக் காத்திருக்காமல், நிபந்தனையை முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லி, அந்த வாரமே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.