ஜெட் எரிபொருளும் எஞ்சின் ஆயிலும்: வாசகர் கேள்விகள்

அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் வந்தால் என்ன பெட்ரோல் போடுவார்கள்? (சத்துவாச்சாரி)

எந்த எஞ்சின் என்று எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? பிஸ்டன் எஞ்சினுக்கு நீல நிற அவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல். விசிறியைச் சுழற்றும் ஜெட் வகை எஞ்சினான டர்போபிராப்புக்கு ஜெட் ஏ-1 என்னும் ஜெட் எரிபொருள். முன்னால் விசிறி சுழல்வதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொட்டி மூடியருகே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ரேஷன் மண்ணெண்ணெயும் ஜெட் ஏ-1-உம் ஒன்றுதானா? (குடியாத்தம்)

ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. அந்த உத்தரவாதம் அடுப்பு மண்ணெண்ணெய்க்குத் தேவையில்லை.

எங்கள் ஊர் வெயிலில் விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? தினமும் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பது வீண் வேலை அல்லவா? (அரக்கோணம், பயிற்சி மாணவர்)

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். எரிபொருளிலேயே கண்ணுக்குத் தெரியாமல் நீர் கரைந்திருக்கிறது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 55 டிகிரியை ஒட்டி இருக்கையில் தொட்டி குளிர, அந்த நீர் பிரிந்து அடியில் இறங்குகிறது. இறங்கி வந்தபின் காற்றுக் குழாய் வழியே நுழையும் நம் ஊர் ஈரக்காற்றும் குளிர்ந்த சுவரில் வியர்க்கிறது. எரிபொருளும் நீரும் சந்திக்கும் அந்த மட்டத்தில்தான் பூஞ்சை வளர்ந்து வடிகட்டியை அடைக்கிறது. 2008 ஜனவரி 17 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கவிருந்த போயிங் 777 ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியதற்கு, எரிபொருளிலிருந்த நீர் பனிக்கட்டியாகி, எரிபொருளைச் சூடேற்றும் வெப்பப் பரிமாற்றியின் முகப்பை அடைத்ததே காரணம். அந்த எரிபொருள் தர அளவுக்கு உட்பட்டதுதான். ஆகவே கண்ணாடிக் குடுவையில் பிடியுங்கள், சுழற்றுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் உருளும் ஒரு முத்து தெரிந்தாலும் மீண்டும் வடியுங்கள். குடுவை முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் மகிழ வேண்டாம். முழுவதுமே தண்ணீராக இருக்கலாம். நான் பணியாற்றிய ஓரிடத்தில் குடுவையைக் கழுவாமலேயே "தெளிவு" என்று பதிவேட்டில் எழுதியதை நேரில் கண்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

உயர்தர கார் ஆயிலை ஜெட் எஞ்சினில் ஊற்றலாமா? (ஆம்பூர்)

கூடாது. ஜெட் ஆயில் எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய். பேரிங் சூட்டில் சாதாரண எண்ணெய் கரியாகிப் படிந்துவிடும். எஸ்டர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்த டின்னில் மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். இங்கும் எதிரி தண்ணீர்தான். டின்னின் எழுத்தைப் படியுங்கள், கையைக் கழுவுங்கள்.

இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் குறைவாகக் காட்டுகிறது, ஊற்றிவிடலாமா? (ஆரணி)

நீங்களும் எஞ்சின் பெயரை எழுதவில்லை. நின்ற எஞ்சினில் ஆயில் தொட்டியிலிருந்து கசிந்து கியர்பாக்ஸுக்கு இறங்கியிருக்கும்; அப்போது ஊற்றினால் ஓடும்போது அளவு மிஞ்சிவிடும். நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பின், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பதே வழக்கம். சரியான நேரத்தை உங்கள் எஞ்சினின் கையேட்டில் பாருங்கள்.