நீச்சல், சைக்கிள், ஓட்டம், ஜிபே

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் நினைவாக, கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இதை முன்வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஐந்து லட்சம் திரட்ட நினைத்தேன். இதுவரை நாற்பதாயிரம்கூடத் தேறவில்லை. நண்பர்கள் ஃபோனையே எடுப்பதில்லை. “அந்த சைக்கிளை வித்துக் கொடுத்துட்டுப் போயேன், எதுக்குடா ஓடணும்?” என்கிறார் மாமா. நான் செய்வது வெறும் சுயவிளம்பரமா? நன்கொடை கேட்டு எழுதியதை இணைத்திருக்கிறேன். முழங்கால் வலி வேறு. தொடரலாமா?

ர.

*

அன்புள்ள ர.,

முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். அதற்கெல்லாம் எழுத்தாளனிடம் வரக்கூடாது.

மாமாவையும் விட்டுவிடலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவனை மறித்து “பஸ்தான் ஓடுதே” என்று அவர் கேட்டிருக்க மாட்டார். மோர் கொடுத்திருப்பார். உடம்பை வருத்தி ஒன்றைச் செய்வது நமக்குப் புதிதில்லை. ஆனால் பாதயாத்திரை போகிறவன் யாரிடமும் ஐந்து லட்சம் கேட்பதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது, ஓட்டத்தில் இல்லை.

கொஞ்ச நாளாக டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. கனடாக்காரர். 1977-இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். அதே நோய் இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துதான் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் கடவுள் மனம் மாறவில்லை. எங்கோ சில ஆய்வகங்களில் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு யாரோ சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பையன் இதைப் பிடித்துக்கொண்டான்.

1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுக் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். தினமும் ஏறத்தாழ ஒரு மாரத்தான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். தண்டர் பே ஊருக்கு அருகே மூச்சு முட்டி நின்றபோது நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் ஜூனில் இறந்தார். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் வேறொன்று. ஓட்டத்தின் முதல் கட்டத்தில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊர் வருகிறது. அப்போது பத்தாயிரம் பேர் வாழ்ந்த இடம். பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர்! நாட்டில் அப்போது இருந்த ஏறத்தாழ 2.4 கோடிப் பேரிடமும் ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்டார். இறப்பதற்கு முன் அந்தக் கணக்கு நிறைந்ததையும் பார்த்துவிட்டார். ஓடியதைவிட, கூசாமல் கேட்டதைத்தான் நான் அவருடைய பெரிய காரியம் என்பேன்.

நம் வீடுகளில் அது முடியாது. என் சித்திக்கு வயிற்றில் வந்தது. வீட்டில் அதற்குப் பெயர் “கட்டி”. சென்னைக்குப் போய்க் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வைத்துக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டாரிடம் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. நாங்களும் மிகத் திறமையாகச் சொன்னோம், விசேஷத்தில் என்ன சாப்பாடு என்பது வரைக்கும். சித்தப்பா வயலை அடமானம் வைத்தார், பிறகு விற்றார். சொந்த அண்ணனான என் அப்பாவிடம்கூட ஒரு ரூபாய் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு பெண்களுக்கு வரன் வராது என்று பயம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வயல் போன கதை அப்பாவுக்குத் தெரிந்தது. “கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாடா” என்று பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார், சித்தப்பா இல்லாத இடங்களில். நேரில் ஒரு தடவையும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய் என்று நன்கொடை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கட்டி அணைத்துக்கொள்ளலாம்.

அதற்குக் கீழே எழுதியிருப்பதற்காக அடிக்கலாம். சைக்கிளைப் பற்றி ஒரு முழுப் பத்தி. கார்பன் ஃபிரேம், சக்கரத்தின் எடை, கடிகாரம் இதயத்துடிப்பை அளக்கும் அழகு. அதற்குப் பிறகு, முடி உதிர்ந்த தலையோடு கட்டிலில் கிடக்கும் அம்மாவின் புகைப்படம். அவரிடம் கேட்டா போட்டீர்கள்? உடனே எடுங்கள். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் புற்றுநோய் வந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை வானொலியில் பேசவைத்து நிதி திரட்டினார். இருபதாயிரம் டாலர் கேட்டார்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் குவிந்தது. பையனுடைய உண்மைப் பெயரைச் சொல்லவில்லை, ஜிம்மி என்று ஒரு பெயர் வைத்தார்கள். முகத்தையும் காட்டவில்லை. ‘ஜிம்மி’ இறந்திருப்பான் என்றே ஊர் நினைத்தது. ஐம்பது வருடம் கழித்து, பேரன் பேத்தி எடுத்த லாரி ஓட்டுநராக வந்து நின்றார்.

அதே ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து யாருடைய ஆய்வகத்திலிருந்து போனது தெரியுமா? எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் கொடுத்த காசில் 1920-களில் அமெரிக்கா போனவர். அவருடைய குழு உருவாக்கிய மெதோட்ரெக்ஸேட்டை இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். அந்த நோயில் முன்பு அநேகமாக எல்லாக் குழந்தைகளும் இறந்தார்கள். வசதியான நாடுகளில் இப்போது பத்துக்கு ஒன்பது பிழைக்கிறது. “ஆராய்ச்சிக்கு எதுக்குக் காசு, கஷ்டப்படுற நோயாளிக்குக் கொடுக்கலாமே” என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். நோயாளிக்கும் கொடுக்கட்டும். ஆனால் அவருக்கு ஏற்றுகிற மருந்தே யாரோ ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசில் வந்தது என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? உங்கள் சொந்த ஜிபே எண்! பணம் எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று எங்குமே இல்லை. “புற்றுநோய் ஆராய்ச்சிக்கு” என்றால் யாருக்கு? அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கா, மும்பை டாட்டா மருத்துவமனைக்கா, உங்கள் சேமிப்புக் கணக்குக்கா? நண்பர்கள் ஏன் ஃபோனை எடுப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? நீங்கள் நேர்மையானவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அது போதாது. பொதுப்பணத்தைத் தொடுகிறவன் நேர்மையாக இருந்தால் மட்டும் பற்றாது, கணக்கும் காட்ட வேண்டும். முதலில் ஒரு நிறுவனத்தை முடிவு செய்து, அவர்கள் பெயரில் நிதி திரட்ட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகட்டும். அப்போதுதான் கொடுப்பவர்களுக்கு வருமான வரிச்சலுகைக்கான ரசீது (80ஜி என்பார்கள்) கிடைக்கும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகையும் கிடையாது, அதையும் சொல்லுங்கள். சிகிச்சை உதவிக்கு ஒரு தலைப்பும் ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பும் தனித்தனியாக இருக்கும் இடங்கள் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதாமாதம் எவ்வளவு வந்தது என்று எல்லோருக்கும் எழுதுங்கள், ஒன்றும் வராத மாதத்திலும். நுழைவுக் கட்டணம், சைக்கிள், கோவா போய்வரும் செலவு, ஓட்டல் எல்லாம் என் கைக்காசு என்று முதல் பத்தியிலேயே போடுங்கள். டெர்ரி ஃபாக்ஸ் தன் ஓட்டத்தைக் காட்டி எந்தக் கம்பெனியும் பொருள் விற்க இடம் கொடுக்கவில்லை. உங்கள் சட்டையில் ஒரு புரோட்டீன் பவுடரின் பெயரைப் பார்த்தேன். அது எதற்கு?

இதுவரை வந்த பணத்தையும் இந்த வாரமே அந்த நிறுவனத்துக்குக் கட்டி, கொடுத்தவர்களுக்கு ரசீது நகலை அனுப்புங்கள். புதிய விண்ணப்பத்தை எனக்கு அனுப்பினால் இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன், என் பங்கையும் கட்டுகிறேன். கோவையில் கடல் இல்லை. குளத்தில் அடியில் கோடு தெரியும், கடலில் தலையைத் தூக்கித் திசை பார்த்துப் பார்த்துத்தான் நீந்த வேண்டும். போட்டிக்கு முன் சென்னை வந்து, பழகினவர்களோடு சேர்ந்து சில நாள் கடலில் நீந்துங்கள். தனியாக இறங்காதீர்கள்.