டேட்டன் நகரின் ஐந்து அணைகளிலும் ஏன் தண்ணீர் நிற்பதில்லை? அவற்றைக் கட்டியது யார்?

நிற்கக் கூடாது என்றுதான் கட்டினார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேட்டன், 1913 மார்ச்சில் கிரேட் மயாமி ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளத்தாக்கு முழுவதும் 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசை எதிர்பார்க்காமல், வெள்ளத் தடுப்புக்காக மக்களே சுமார் 20 லட்சம் டாலர் திரட்டினார்கள்.

பொறியாளர் ஆர்தர் மார்கன் வடிவமைத்தவை மண் அணைகள். அடியில் மதகு உண்டு, ஷட்டர் கிடையாது. சாதாரண நாட்களில் ஆறு தடையின்றி ஓடும். வெள்ளத்தில் மதகின் அளவுக்கே நீர் வெளியேறும். மிச்சம் பின்னால் தேங்கித் தானாக வடியும். திறக்க மறந்தார்கள், தாமதித்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீர்த்தேக்கமாகவும் பயன்படுத்தியிருந்தால் வெள்ளம் வரும்போது பாதி இடம் நிரம்பியிருக்கும். எப்போதும் காலியாக வைத்திருப்பதுதான் இந்த யோசனையின் உயிரே. 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் கூடுதலான நீருக்குக் கணக்கிட்டார்கள். தேங்கும் நிலத்தில் விவசாயம் செய்யலாம், வீடு கட்ட முடியாது.

ஆறு பல மாவட்டங்களில் ஓடுவதால் ஒரு நகராட்சியால் இதைச் செய்திருக்க முடியாது. அதற்காகவே 1914இல் மாநிலச் சட்டம் வந்தது. 1915இல் மயாமி கன்சர்வன்சி மாவட்டம் என்ற வெள்ளத் தடுப்பு அமைப்பு உருவானது. கடன்பத்திரம் விற்றுக் கட்டி, பயனடைந்த சொத்துகளின் உரிமையாளர்களிடம் அந்தப் பயனுக்கேற்பத் தொகை வசூலித்தார்கள். 1922இல் பணி முடிந்தது.