பாங்காக்கில் நான்கு நாள்: வழிகாட்டி இல்லாமல் போகலாமா?

கேள்வி: கணவர், பத்து வயது மகன், மாமியார் ஆகியோருடன் நான்கு நாள் பாங்காக் செல்லவிருக்கிறேன். வழிகாட்டி இல்லாமல் போனால் கண்டிப்பாக ஏமாந்துவிடுவீர்கள் என்று சொல்லி, முழுத் தொகுப்பையும் எடுக்கும்படி பயண முகவர் வற்புறுத்துகிறார். மாமியார் சைவம். நாங்களாகவே சுற்றிப் பார்க்க இயலுமா? – மதுரை வாசகி.

பதில்: தாராளமாக இயலும். உங்கள் முகவர் சொல்லும் ஏமாற்று உண்மைதான். ஆனால் அவர் விற்கும் தொகுப்புக்குள்ளேயே அதில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது என்பதை அவர் சொல்லியிருக்கமாட்டார். அவர் கொடுத்த பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். நகர்வலம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ரத்தினக்கல் காட்சிக்கூடம் என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். அதன் பொருள், இரண்டு புத்த ஆலயங்களை அவசரமாகக் காட்டிவிட்டு, மீதிக் காலைப்பொழுதைக் குளிரூட்டிய கடை ஒன்றில் கழிக்க வைப்பார்கள் என்பதே. நீங்கள் வாங்கும் கல்லில் அழைத்து வந்தவருக்குப் பங்கு போகும். அந்தப் பங்கை நம்பித்தான் தொகுப்பின் விலையே மலிவாகக் காட்டப்படுகிறது. பொன்னையும் மணியையும் பார்க்கத்தான் ஆசை என்றால், சைனாடவுன் பகுதியிலுள்ள வாட் டிரைமிட் ஆலயத்துக்குப் போங்கள். அங்குள்ள தங்கப் புத்தர் ஏறத்தாழ 5.5 டன் எடை கொண்டவர். நெடுங்காலம் சுதைப் பூச்சுக்குள் மறைந்திருந்து, 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்ததால் வெளிப்பட்டவர்.

விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு வாங்கும் முன் சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து, அந்நாட்டில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தேடுபொறியில் தேடினால், அரசுத் தளம் போலவே வேடமிட்ட தனியார் தளங்கள் விளம்பரமாக வந்து முன்னால் நிற்கின்றன. இலவசப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டு, அசல் எது போலி எது என்று தேடும் வேலையைப் பயணியின் தலையில் கட்டுவது எந்த வகை நிர்வாகமோ தெரியவில்லை. பணம் கேட்கும் பக்கம் எதுவாயினும் உடனே மூடிவிடுங்கள். இதை நிரப்பித் தருவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்கும் முகவரையும் அவ்வாறே.

சுவர்ணபூமி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் உங்களை நோக்கி வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவருக்குப் பதிலே சொல்லாதீர்கள். ஒரு தளம் கீழே இறங்கினால் மீட்டர் டாக்ஸி வரிசை இருக்கிறது. இயந்திரம் தரும் சீட்டில் உள்ள எண்ணுக்குரிய வண்டியில் ஏறலாம். மீட்டர் தொகையுடன் விமான நிலையக் கட்டணமாக 50 பாட்டும் (தாய்லாந்து நாணயம்) நெடுஞ்சாலைச் சுங்கமும் தரவேண்டும். அது ஏமாற்று அல்ல. பெட்டிகள் குறைவாக இருந்தால் விமான நிலைய ரயிலில் அரைமணி நேரத்துக்குள் பாயா தாய் நிலையத்துக்கு வந்து, பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

இனி, நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் அரண்மனை வாசல். 1782இல் கட்டத் தொடங்கிய அந்தப் பேரரண்மனையை நெருங்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் இனிமையாகப் பேச்சுக் கொடுப்பார். இன்று புத்தர் விழா, அரண்மனை பிற்பகலில்தான் திறக்கும் என்பார். அதுவரை வேறு ஆலயங்களைப் பார்த்து வரலாம், 20 பாட்டுக்கு டுக்டுக் (நம்மூர் ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டி) தயார் என்பார். அந்த வண்டி கடைசியில் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ரத்தினக்கல் கடையோ தையற்கடையோதான். அரசின் சிறப்பு விற்பனை, இன்றே கடைசி நாள், ஊருக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பு விலை என்று அங்கே சொல்வதெல்லாம் கட்டுக்கதை. பல ஆண்டுகளாக இதே நாடகம் இதே நடைபாதையில் நடக்கிறது. அந்நியரை நம்பாதீர் என்று அறிவிப்பு செய்கிறார்கள், ஆனால் அந்நியரை அங்கிருந்து அகற்றுவதில்லை.

அப்படியென்றால் அரண்மனை மூடியிருப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அரச குடும்பச் சடங்குகள் நடக்கும் நாள்களில் முழு வளாகமோ, மரகதப் புத்தர் சந்நிதி மட்டுமோ பார்வையாளருக்கு மூடப்படும். அதை அரண்மனையின் அதிகாரபூர்வத் தளத்தில் முந்தைய இரவே பார்த்துவிடலாம். தளத்தில் அறிவிப்பு இல்லாமல், தெருவில் ஒருவர் சொன்னால் அது பொய். ஐயம் தீரவில்லை என்றால் பிரதான வாயில் வரை நடந்துபோய், சீருடைக் காவலரிடம் கேளுங்கள். வாயிலுக்கு எட்டடி முன்னால் நிற்பவரிடம் அல்ல. காலை 8.30க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு நுழைவை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்பதால் மகனுக்கும் முழுக்கால் சட்டையே போட்டு விடுங்கள்.

டுக்டுக் தேவைப்படாத வழியும் இருக்கிறது. சபான் தக்சின் பிடிஎஸ் நிலையத்தை ஒட்டிய சத்தோன் படித்துறையில் ஆரஞ்சுக் கொடி படகு ஏறினால், 20 பாட் அளவில் தா சாங் துறையில் இறங்கி அரண்மனைக்கு நடந்துவிடலாம். அதே துறையில் கூவி விற்கப்படும் சுற்றுலாப் படகின் விலை அதிகம். ஒன்று மட்டும் கவனம்: பின்புறம் நிற்கும் ஊழியர் விசில் ஊதியே படகைத் துறையில் அணைப்பார், கயிறு சுற்றிய சில நொடிகளுக்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் சனாம் சாய் சுரங்க ரயில் நிலையமே நல்லது. சயனப் புத்தர் இருக்கும் வாட் போ அங்கிருந்து அருகிலேயே இருக்கிறது.

உணவைப் பொறுத்தவரை, காய்கறி வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துடன், சைவ உணவைக் குறிக்கும் 'ஜே' என்ற பலகை உள்ள கடைகளில் இறைச்சியும் மீனும் சேராது. வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சிலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் மாமியாரை அழைத்துச் செல்லுங்கள்.

எங்கேனும் மாட்டிக்கொண்டால் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்கலாம். முகவரிடம் விமானச்சீட்டு, ரயில் நிலையத்துக்கு அருகில் விடுதி ஆகிய இரண்டுக்கு மட்டும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் இரண்டையும் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள்.